ஒரே ஒரு அரியர், ஒன்றரை வருஷம்: நான் பி.டெக் ஐடி முடிச்ச கதை

சித்தி பையன் போன வாரம் போன் பண்ணி "அண்ணே, ஐடி எடுக்கலாமா, ஒரு அரியர் விழுந்தாலும் லைஃப் காலியாமே"ன்னு கேட்டான். போன்ல சொல்ல ஆரம்பிச்சு பாதியிலேயே சார்ஜ் போயிடுச்சு, அதான் உக்காந்து முழுசா எழுதிடலாம்னு.

நான் சிவகாசி பக்கம். அப்பா ஆஃப்செட் பிரஸ்ல கட்டிங் மிஷின் ஓட்டுறார். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், 2018ல முடிச்சேன், 1200 மார்க் இருந்த கடைசி செட் நாங்கதான். அந்த வருஷம்தான் இன்ஜினியரிங் கவுன்சிலிங் முதல் தடவை ஆன்லைன்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாரும் சென்னைக்கு பஸ் ஏறிப்போய் ஸ்கிரீன்ல சீட் பாத்து எடுப்பாங்க. எனக்கு கட்ஆஃப் 148.5 (மேத்ஸ் நூறுக்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200க்கு). பக்கத்துலயே இருந்த ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிஞ்சு போச்சு, ஐடி இருந்துச்சு, எடுத்துட்டேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அன்னைக்கு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னா அண்ணா பல்கலைக்கழக சிலபஸ்ல நிறைய பாடம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், அத நினைச்சு யாரும் தூக்கத்த கெடுத்துக்க வேணாம். குடும்பத்துல முதல் பட்டதாரின்னு சர்டிபிகேட் வாங்கினதால டியூஷன் ஃபீஸ் நல்லாவே குறைஞ்சுது. கவுன்சிலிங்ல போறவங்க அந்த சர்டிபிகேட்ட முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க, கடைசி நேரத்துல தாலுகா ஆபீஸ்க்கு அலையாதீங்க.

முதல் செமஸ்டர்ல ஐடின்னு ஒண்ணுமே இருக்காது. மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், டிராஃப்டரை தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ல போற இன்ஜினியரிங் கிராபிக்ஸ், நடுவுல ஒரே ஒரு பைத்தான். எனக்கு பிரச்சினை பைத்தான் இல்ல, இங்கிலீஷ். மிஸ் சொல்றது புரியும், புக்ல இருக்கிறது பாதி புரியும், ஆனா பேப்பர்ல எழுதணும்னா கை நின்னுடும். அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி மனப்பாடம். கொஸ்டின் பேங்க்ல இருக்கிறத கமா ஃபுல்ஸ்டாப்போட அப்படியே ஏத்திக்கிட்டேன், புரோகிராமைக்கூட. முதல் ரெண்டு செமஸ்டர் ஆல் க்ளியர், நானே பெரிய ஆளுன்னு நினைச்சேன்.

மூணாவது செமஸ்டர்ல அனலாக் அண்ட் டிஜிட்டல் கம்யூனிகேஷன்னு ஒரு பேப்பர். நாலைஞ்சு பேர் தவிர எங்க கிளாஸ்ல யாருக்குமே ஏன் இத ஐடிக்கு வச்சிருக்காங்கன்னே புரியல. ஏஎம், எஃப்எம்ல ஆரம்பிச்சு அஞ்சாவது யூனிட்ல ஜிஎஸ்எம், சிடிஎம்ஏன்னு போய் முடியும். ஒரு நாள் நைட் நான் ஜிஎஸ்எம் ஜிஎஸ்எம்னு சத்தமா படிச்சிட்டு இருக்கேன், அப்பா சாப்பிட்டுக்கிட்டே "என்னய்யா உங்களுக்கும் பேப்பர் பத்தி பாடம் இருக்கா, எத்தன ஜிஎஸ்எம்"ங்கிறார். அவருக்கு ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கிறது. நான் இது செல்போன்ப்பான்னேன், அவருக்கு கொஞ்சம் ஏமாத்தமாதான் இருந்துச்சு.

ரிசல்ட் வந்துச்சு. மத்ததெல்லாம் பாஸ், இதுல மட்டும் ஆர்ஏ, அதாவது பெயில், திரும்ப எழுதணும். மார்க் போட மாட்டாங்க, வெறும் கிரேடுதான். ஆன்சர் ஷீட் போட்டோகாப்பிக்கு பணம் கட்டினாத்தான் உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியும். அப்பாகிட்ட சொல்லாம பிரெண்டுகிட்ட கடன் வாங்கி கட்டினேன்.

எங்க செட்டுக்கு யுனிவர்சிட்டி விதி ரெகுலேஷன் 2017, அதுல எக்ஸ்டர்னல் நூறுக்கு நடத்தி எண்பதுக்கு குறைப்பாங்க, இன்டர்னல் இருபது. எக்ஸ்டர்னல்ல நூத்துக்கு 45 ஆவது எடுக்கணும், ரெண்டும் சேர்த்து 50 வரணும். நான் எடுத்தது 41. பேப்பரை புரட்டினா நாலாவது யூனிட்ல ஹஃப்மேன் கோடிங் (எழுத்துக்களை 0, 1ஆ சுருக்கி எழுதுற முறை), பதிமூணு மார்க் கணக்கு, அதுல எனக்கு போட்டிருந்தது மூணு. மொத நினைப்பு அநியாயம் பண்ணிட்டாங்கன்னுதான், ஏன்னா ரெண்டு பக்கம் நிறைய எழுதியிருக்கேன், மரம் வரைஞ்சு கட்டம் போட்டு எல்லாம் பண்ணிருக்கேன். அப்புறம் கொஸ்டின் பேப்பரை பக்கத்துல வச்சு பாத்தேன். கேள்வியில கொடுத்த நம்பர் வேற, நான் போட்டிருந்த கணக்கோட நம்பர் வேற. கொஸ்டின் பேங்க்ல இருந்த கணக்க அப்படியே இறக்கி வச்சிருக்கேன், கேள்வியை படிக்கவே இல்ல. திருத்தினவர் அந்த முதல் வரிக்கு கீழ ஒரு சின்ன சிவப்பு கோடு போட்டிருந்தார், அவ்ளோதான். அந்த கோட்ட பாத்ததும் ரீவேல்யூஷனுக்கு பணம் கட்டுற நினைப்பே போயிடுச்சு.

அடுத்த செமஸ்டர்ல அல்காரிதம் பேப்பர் இருந்துச்சு, அதுல கிரீடி டெக்னிக்ங்கிற இடத்துல திரும்பவும் அதே ஹஃப்மேன். பேய் மாதிரி பின்னாடியே வர்றான்னு நினைச்சேன். ஆனா அந்த சார் போர்டுல பார்முலா எழுதல, ஒரு கத சொன்னார். 1951ல அமெரிக்காவுல எம்ஐடில ராபர்ட் ஃபானோன்னு ஒரு வாத்தியார், பசங்ககிட்ட ஃபைனல் எக்ஸாம் எழுதுறீங்களா இல்ல ஒரு டெர்ம் பேப்பர் தர்றீங்களான்னு கேக்குறார். எக்ஸாம்ல இருந்து தப்பிக்கலாம்னு டேவிட் ஹஃப்மேன்ங்கிற பையன் டெர்ம் பேப்பரை எடுத்துக்கிறான். கேள்வி என்னன்னா எழுத்துக்களை இருக்கிறதுலயே கம்மியான பிட்ல (0, 1) எழுதுறது எப்படி. ஃபானோவே கிளாட் ஷானன்ங்கிற கணித மேதைகூட சேர்ந்து யோசிச்ச விஷயம், ஆனா அவங்க முறைல எல்லா நேரமும் இருக்கிறதுலயே கம்மியா வராது, அவங்க மேலேருந்து பிரிச்சிக்கிட்டே வந்தாங்க. பையன் கீழேருந்து சேர்த்துக்கிட்டே போனான், வந்துடுச்சு, 1952ல பப்ளிஷ் ஆயிடுச்சு. எங்க சிலபஸ்ல ஷானன்-ஃபானோ, ஹஃப்மேன்னு பக்கத்து பக்கத்துல இருக்கும், அது வாத்தியாரும் ஸ்டூடண்டும்னு அன்னைக்குதான் தெரியும். ஒருத்தன் எக்ஸாமுக்கு பயந்து கண்டுபிடிச்சதுல நான் எக்ஸாம்ல பெயில்.

அன்னைக்கு நைட் சும்மா போட்டுப் பாத்தேன். அஞ்சு எழுத்து, வர்ற வாய்ப்பு 0.4, 0.2, 0.2, 0.1, 0.1. இருக்கிறதுலயே சின்ன ரெண்டையும் சேரு, 0.2. இப்ப மறுபடி சின்ன ரெண்ட சேரு, 0.4. அடுத்து 0.6, அப்புறம் 1. சேர்த்தது எல்லாத்தையும் கூட்டினா 2.2, அதுதான் ஒரு எழுத்துக்கு சராசரியா ஆகுற பிட். எல்லாத்துக்கும் சமமா குடுத்திருந்தா மூணு பிட் ஆகும். அடிக்கடி வர்றவனுக்கு சின்னப் பேரு, எப்பவாச்சும் வர்றவனுக்கு நீளப் பேரு, நம்ம வீட்லயும் அதானே, தினமும் கூப்பிடுற தம்பிய "டேய்", வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மாமாவ முழுப்பேரு சொல்லி. இதுக்கா நான் ரெண்டு பக்கம் மனப்பாடம் பண்ணேன்னு சிரிப்பு வந்துச்சு. என்டிரபி, அதாவது சராசரி பிட் இதுக்கு கீழ இறங்கவே முடியாதுங்கிற எல்லை, 2.12 வரும், அதையும் கால்குலேட்டர்ல தட்டிப் பாத்தேன்.

சரி ஏப்ரல்ல எழுதி தூக்கிடலாம்னு இருந்தப்போ 2020 மார்ச்ல லாக்டவுன். அந்த ஆகஸ்ட்ல அப்போ முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி, அரியருக்கு ஃபீஸ் கட்டினவங்க எல்லாம் பாஸ்னு அறிவிச்சாரு, ஞாபகம் இருக்கும், பேனர் எல்லாம் வச்சாங்க, வாட்ஸ்அப் பூரா மீம். நான் ஃபீஸ் கட்டியிருந்தேன். அம்மா பாயசம் வச்சாங்க. அப்புறம் இன்ஜினியரிங் காலேஜுகளுக்கு விதி போடுற ஏஐசிடிஇ ஒத்துக்கல, ஐகோர்ட்ல கேஸ், கடைசில எக்ஸாம் எழுதித்தான் ஆகணும்னு ஆயிடுச்சு. பாயசம் குடிச்சது குடிச்சதுதான்.

2021 பிப்ரவரில ஆன்லைன் எக்ஸாம். ஒரு மணி நேரம், சரியான விடையை தேர்ந்தெடு டைப், கேமராவுக்கு முன்னாடி அசையாம உக்காரணும். எங்க வீட்ல சிக்னல் மொட்டைமாடில மட்டும்தான் வரும், தண்ணி டேங்க் நிழல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தேன், பாதில நெட் போச்சு, திரும்ப உள்ள போறதுக்குள்ள நேரம் போச்சு. மறுபடி ஆர்ஏ. இந்த தடவை பாடம் தெரிஞ்சே பெயில், அதுதான் ரொம்ப வலிச்சுது, ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

அந்த எக்ஸாம்ல நிறைய பேருக்கு ரிசல்ட் போயிடுச்சுன்னு பெரிய பேச்சாகி, மே மாசம் புது ஆட்சி வந்ததும் அப்போ உயர்கல்வி அமைச்சரா இருந்த பொன்முடி திரும்ப எழுதலாம்னு அறிவிச்சாரு. இந்த முறை மூணு மணி நேரம், வீட்லயே ஏ4 பேப்பர்ல எழுதி ஸ்கேன் பண்ணி அப்லோட் பண்ணனும், ஒரிஜினல தபால்ல அனுப்பணும். லாக்டவுன், ஸ்டேஷனரி கடை எதுவும் திறக்கல. அப்பா பிரஸ் ஓனர்ட்ட சொல்லி உள்ள போய், பழைய ஆர்டர்ல மிச்சம் கெடந்த பெரிய ஷீட்ட ஏ4க்கு வெட்டி ஒரு கட்டு கொண்டு வந்தார். 210க்கு 297, மில்லிமீட்டர் பிசகல, ஓரத்தை கையால தடவினா பிளேடு மாதிரி இருக்கும். "80 ஜிஎஸ்எம், இங்க் பின்னாடி ஊறாது, தைரியமா எழுது"ன்னார். ஒவ்வொரு பக்கத்துலயும் ரிஜிஸ்டர் நம்பர், பக்க நம்பர், கையெழுத்து போடணும், அதையெல்லாம் மொத நாளே பென்சில்ல இடம் குறிச்சு வச்சுட்டேன்.

ஹஃப்மேன் வந்துச்சு. ஆறு எழுத்து குடுத்திருந்தாங்க. கேள்விய மூணு தடவ படிச்சேன். நம்பர சரி பாத்து எழுதினேன். இங்கிலீஷ் அழகாலாம் இல்ல, சின்ன சின்ன வாக்கியமா என்ன செய்றேன்னு மட்டும் எழுதினேன், அதுவே போதும்னு தெரிஞ்சுக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

பாஸ். அதுக்கப்புறம் செமஸ்டரெல்லாம் அப்படியே போச்சு, சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, லேப், ரெக்கார்டு, வைவா, ப்ராஜெக்ட்ன்னு நாலு பேர் சேர்ந்து ஒரு வெப்சைட் பண்ணி அதுல ரெண்டு பேர் வேலை செஞ்சோம், வழக்கம் போல.

தம்பிக்கு தெரிய வேண்டியது இங்கதான் இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூக்கு வந்த கம்பெனிங்க கேட்டது பெரும்பாலும் பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மூணுலயும் 60 சதவீதம், அப்புறம் இப்போதைக்கு கைல அரியர் இருக்கக்கூடாதுங்கிறது. முன்னாடி விழுந்து க்ளியர் பண்ணதுக்கு எங்க காலேஜுக்கு வந்ததுல ஒரே ஒரு கம்பெனிதான் கதவ சாத்துச்சு. டிஸ்டிங்ஷன் மட்டும் போயிடும், அது முதல் அட்டெம்ப்ட்லயே எல்லாம் பாஸ் ஆனவங்களுக்குத்தான். எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ். இன்டர்வியூல அந்த மேடம் கிரேடு ஷீட்ட பாத்துட்டு "இந்த ஒரு பேப்பர்ல என்ன ஆச்சு"ன்னு கேட்டாங்க. எனக்கு காது சூடாயிடுச்சு. ஒரு பேப்பர் குடுங்க மேம்னு வாங்கி அஞ்சு எழுத்த போட்டு மரத்த கீழேருந்து கட்டிக் காட்டினேன், பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். அவங்க ஜிப் ஃபைல்ல இது எங்க வருதுன்னு கேட்டாங்க, அது எனக்கு முழுசா தெரியல, தெரியலன்னு சொன்னேன். வேலை கிடைச்சுது. ஜாயினிங் தேதி தள்ளிப்போய் அஞ்சு மாசம் வீட்ல உக்காந்தது வேற கத.

டிகிரி சர்டிபிகேட் வந்த அன்னைக்கு அப்பா கைய கழுவி துடைச்சுட்டு வந்து வாங்கினார். பேர சரியா போட்டிருக்கான்னு அம்மா பாக்குறாங்க, அவர் படிக்கவே இல்ல. ஓரத்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு மெதுவா தேய்ச்சார்.

"நல்ல பேப்பர்யா, நூத்தம்பது ஜிஎஸ்எம்முக்கு குறையாது."