வாய்மடையில் எடுக்காத மண்

நான் படித்தது மண்ணியல். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றையும் விளைச்சல் கணக்காகவே பார்த்துப் பழகியவன். 2012 வசந்த காலத்தில் ஆய்வுப் பணிக்காக ஜப்பானின் ஃபுகுஷிமா போனபோது, நெல்லுக்குள் கதிரியக்கச் சீசியம் ஏறாமல் தடுப்பதற்காக அதே சாம்பல் சத்தை அளக்கச் சொன்னார்கள்.

அணு உலை விபத்து நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. 2011 அக்டோபரில், அரிசிக்கு ஆபத்தில்லை என்று மாகாண ஆளுநரே அறிவித்தார். அடுத்த மாதமே ஓனாமி பகுதியில், கதிரியக்கத்துக்குக் கிலோவுக்கு 500 பெக்கரெல் என்றிருந்த அன்றைய வரம்பைத் தாண்டிய அரிசி அகப்பட்டது. 2012 ஏப்ரலில் வரம்பை 100 ஆகக் குறைத்தார்கள்.

மண்ணில் சீசியம் மிகுந்த வயலில் அரிசியிலும் மிகுந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. களிமண்ணின் சில கனிமங்கள் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மணற்பாங்கான மண்ணுக்கு அந்தப் பிடி குறைவு. அதோடு, சாம்பல் சத்தான பொட்டாசியமும் சீசியமும் வேதியியலில் ஒரே குடும்பம். சாம்பல் சத்துக்கு ஏங்கும் வேர், கிடைத்தது போதுமென்று சீசியத்தையும் இழுத்துக்கொள்கிறது. பசித்தவனுக்குப் பந்தியில் ஆள் பார்க்கத் தெரியாது. அதனால் 100 கிராம் மண்ணில் குறைந்தது 25 மில்லிகிராம் சாம்பல் சத்து இருக்கும்படி, நடவுக்கு முன்பே பொட்டாஷ் இடுவது என்று முடிவாகியிருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சிறு வயல். வரப்பை ஒட்டிச் சில இடங்களில் மண் எடுத்தேன். அளவு 25-ஐத் தாண்டியது. கூடுதல் உரம் தேவையில்லை என்று எழுதிக்கொடுத்தேன். எழுபதைக் கடந்த அந்த விவசாயி தாளை வெகுநேரம் பார்த்தார். “சென்செய், தண்ணீர் நுழையும் இடத்தில் எடுத்தீர்களா?” என்றார். படித்தவர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அன்று அந்தச் சொல் குத்தியது. வாய்மடை அருகே மணல் அதிகம், பயிர் ஆண்டுதோறும் அங்கே நுனி கருகி நிற்கும் என்றார். போதாக்குறைக்கு, விபத்துக்கு முன்புவரை வைக்கோல் முழுவதும் மாட்டுக்குப் போயிருக்கிறது. வைக்கோல் வயலுக்குத் திரும்பாவிட்டால் சாம்பல் சத்தும் திரும்பாது. எங்கள் ஊர்க் கிழவர் எவரும் சொல்லக்கூடிய செய்தி இது; நான் கேட்கவே இல்லை. மறுபடி எடுத்த மண்ணில், தேவையானதில் பாதிகூட இல்லை.

அந்த ஆண்டு மாகாணத்தின் அரிசி மூட்டைகள் அனைத்தையும் சோதித்தார்கள். ஏறத்தாழ ஒரு கோடி மூட்டைகள், ஒவ்வொன்றும் 30 கிலோ. வரம்பை மீறியவை 71. அடுத்த ஆண்டு 28, அதற்கடுத்த ஆண்டு 2, 2015 முதல் ஒன்றுமில்லை. பெரியவரின் மூட்டைகள் முதல் ஆண்டே தேறின. விலை மட்டும் தேறவில்லை. வியாபாரி எண்ணைப் பார்க்கவில்லை, ஊர்ப் பெயரைப் பார்த்தார்.

அறுவடை முடிந்து அவர் எனக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தார். தவிட்டில்தான் சீசியம் அதிகம் தங்கும்; இதுவோ தீட்டிய வெள்ளை அரிசி, சோதனையில் தேறியது வேறு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று வாரம் அந்தப் பை சமையலறை மூலையிலேயே கிடந்தது. சக ஊழியர் மூலம், ருசி எப்படி என்று அவர் கேட்டனுப்பிய அன்றிரவுதான் அதைக் களைந்து உலையில் போட்டேன். குழைந்து ஒட்டிக்கொண்டது, ரசத்துக்குச் சற்றும் ஒத்துவரவில்லை. வெறும் உப்புப் போட்டுச் சாப்பிட்டேன்.