மாமா, இது எவ்ளோ போவும்?

காட்பாடியில் டூவீலர் மெக்கானிக் நான். அக்கா மகனுக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏடிவி (மணல், மேடு பள்ளத்தில் ஓடும் நான்கு சக்கர பைக்) ஓட்டும் இடத்தில் நின்றதும் கேட்டுவிட்டான்.

"இங்க சைக்கிள் வேகம்தான்டா" என்றேன். கட்டை விரலால் அழுத்தும் ஆக்சிலேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருகினால் லீவர் பாதிக்கு மேல் போகாது. சிறுவர்களுக்கு அப்படித்தான் வைக்க வேண்டும்.

முழுசாகத் திறந்தால் கதை வேறு. யமஹா ராப்டர் 700 போன்ற பந்தய ரக வண்டி மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய பைக்குக்கு அது ஒன்றுமில்லைதான். ஆனால் இதில் டயர் காற்று 5 பிஎஸ்ஐ அளவுக்குத்தான். பலூன் மாதிரி அமுங்கும். மணலில் புதையாமல் இருக்க அது வேண்டும், தார் ரோட்டில் அதுவே ஆட்டம் காட்டும். வளைவில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலும் பின் அச்சில் கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். உடம்பைச் சாய்க்காமல் வளைத்தால் கவிழ்ந்துவிடும்.

ஏடிவி வேகத்தில் உலக சாதனை மணிக்கு 315.74 கிலோமீட்டர். 2008-ல் டெர்ரி வில்மெத் என்ற அமெரிக்கர், ராப்டரில் ராக்கெட்டைப் பொருத்தி ஓட்டினார். எங்கே தெரியுமா? மெட்ராஸ் விமான நிலையத்தில்! நம்ம மெட்ராஸ் இல்லை, ஒரேகான் மாநிலத்து ஊர்.

பையன் இப்போது பாலாற்று மணலைக் காட்டி, அங்கே ஓட்டலாமா என்கிறான். மணல் அள்ளிய பள்ளங்களை முதலில் நடந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.