எவெனியாவில் ஒரு கலங்கரை விளக்கம்: பில்டர் கட்டளைகளைச் செய்து பார்த்தது

மட் விளையாட்டுக்குள் ஒரு கலங்கரை விளக்கம் கட்டத் தொடங்கியிருக்கிறேன். கீழே கிடங்கு, நடுவில் சுழல்படி, உச்சியில் விளக்கு அறை. இப்போதைக்கு அவ்வளவுதான். எழுத்தை மட்டும் வைத்துப் பல பேர் ஒரே உலகத்தில் ஆடுகிற இந்த வகை, 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கிய நிரலிலிருந்து வளர்ந்தது. விளையாட்டுக்குள் இருந்தபடியே ஆடுபவர்களும் அறை கட்டலாம் என்ற வழக்கத்தைப் பரப்பியது 1989-இல் வந்த டைனிமட். நான் எடுத்துக்கொண்ட எவெனியா, மட் உருவாக்க உதவும் ஒரு மென்பொருள்; பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதன் பில்டர் கட்டளைகளில், அதாவது உலகத்தைக் கட்டும் கட்டளைகளில், டைனிமட் வாசனை நன்றாகவே அடிக்கிறது.

நிறுவுவதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் உருவாகும் கணக்கு சூப்பர்யூசர், எல்லா அதிகாரமும் உள்ளது. உள்ளே போனதும் நாம் நிற்கும் இடம் லிம்போ என்ற அறை, அதன் எண் #2. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. #1 நாமேதான், அதாவது உள்ளே நடமாடும் நம் பாத்திரம்.

அறை தோண்ட இரண்டு கட்டளைகள் உண்டு. டிக் கட்டளையில் அறையின் பெயர், போகும் வாசல், திரும்பும் வாசல் எல்லாவற்றையும் ஒரே வரியில் கொடுக்கலாம். அரைப்புள்ளி போட்டு மாற்றுப் பெயர்களும் சேர்க்கலாம். டனல் சோம்பேறிகளுக்கானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். திசையையும் அறையின் பெயரையும் சொன்னால் எதிர்த்திசை வாசலை அதுவே போட்டுவிடும்.

வாசலும் இங்கே ஒரு பொருள்தான், அதுவும் ஒருவழிப் பொருள். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு தனிப் பொருள்கள் சேர்ந்துதான் நமக்குக் கதவாகத் தெரிகின்றன. அதனால் கிடங்குக்குப் போகும் வாசலைப் பூட்டினாலும், உள்ளே மாட்டியவர் வெளியே வரும் வாசல் திறந்தேதான் இருக்கும். சரி, இதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விளக்கு அறையிலிருந்து கடலுக்குள் குதிக்க ஒரு வழி வைத்தேன். டனலோடு ஒன்வே சேர்த்தால் திரும்பும் வாசல் உருவாகாது. குதித்தவர் நீந்திக் கரையேற வேறு வழிதான் தேட வேண்டும்.

அடுத்தது பூட்டு. லாக் கட்டளையில் நாம் எழுதுவது ஒரு நிபந்தனை. விளக்கை யாரும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகாமலிருக்க அதற்கு 'கெட்: ஃபால்ஸ்' வகைப் பூட்டு. கிடங்கு வாசலுக்கு 'டிராவர்ஸ்: ஹோல்ட்ஸ்', அதாவது கையில் சாவி வைத்திருப்பவர் மட்டும் நுழையலாம். சாவியைப் பெயரால் குறிப்பிட்டால் அதே பெயருள்ள வேறு பொருளும் கதவைத் திறந்துவிடும். எண்ணைக் கொடுப்பதே நல்லது. கதவு திறக்காதபோது வரும் செய்தியையும் செட் கட்டளையால் நாமே எழுதலாம். 'துருப்பிடித்த பூட்டு அசையவில்லை' என்று வந்த பிறகுதான் அது கதவு மாதிரி இருந்தது.

ஆனால் எனக்கு அந்தச் செய்தி வரவே வராது. சூப்பர்யூசருக்கு எந்தப் பூட்டும் பூட்டே அல்ல, நிபந்தனையை எவெனியா சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை. விளக்கைத் தூக்கினால் வருகிறது, கிடங்குக்குள் சாவியில்லாமல் நடக்கலாம். பேய்க்குச் சுவர் எதற்கு? கட்டியவருக்கே தன் உலகம் எப்படியிருக்கும் என்று தெரியாத நிலை இது. இதற்கு மருந்து குவெல் கட்டளை. அதைப் போட்டதும் கணக்கின் அதிகாரம் ஒதுங்கி, பாத்திரத்தின் அதிகாரம் மட்டும் நிற்கும். அன்குவெல் போட்டால் பழையபடி. இத்தனை கட்டளைகளில் நான் அதிகம் அடிப்பது இதைத்தான்.

குவெலும் முழுத் தீர்வு இல்லை. #1 பாத்திரத்துக்கு டெவலப்பர் தகுதி உண்டு. அதிகாரப் படிநிலை கீழிருந்து கெஸ்ட், பிளேயர், ஹெல்பர், பில்டர், அட்மின், டெவலப்பர் என்று ஏறுகிறது. 'பில்டருக்கு மட்டும்' என்று ஒரு வாசலைப் பூட்டினால், மேல்படியில் நிற்கும் டெவலப்பரும் தாராளமாக நுழைவார். அதனால் எந்தத் தகுதியும் இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி, இன்னொரு சாளரத்தில் எப்போதும் திறந்து வைத்திருக்கிறேன். கட்டுவது ஒரு சாளரத்தில், முட்டிக்கொள்வது மற்றதில்.

அந்தச் சாதாரண ஆளைக் கிடங்கில் நிறுத்தி, அந்த அறையை டெஸ்ட்ராய் செய்தும் பார்த்தேன். ஆள் அழியவில்லை. அவர் நின்ற இடம் இப்போது இல்லை என்று சொல்லி, வீடாகக் குறித்திருந்த லிம்போவுக்கு எவெனியா அனுப்பிவிட்டது. கிடங்குக்குப் போகும் வாசலும் கூடவே போய்விட்டது. லிம்போவையே அழிக்கச் சொன்னால் மறுக்கிறது. நியாயம்தான், வீடிழந்தவர்கள் எல்லாரும் வந்து விழும் இடம் அது.

அறைகள் கூடியதும் கையால் தட்டுவதை விட்டு பேட்ச் கோப்புக்கு மாறினேன். விளையாட்டில் அடிக்கும் அதே கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஒரேயடியாக ஓட்டலாம். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே # குறியில் தொடங்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். இன்டராக்டிவ் முறையில் ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தியும் ஓட்டலாம். கோப்பை மறுபடி ஓட்டினால் பழையதைத் திருத்தாது, பக்கத்திலேயே இன்னொரு கலங்கரை விளக்கம் முளைக்கும். அதனால் சோதனைக்குத் தனித் தரவுத்தளம்.

விளையாட்டின் பைத்தான் நிரல் கோப்பை மாற்றினால், அதை மறுபடி ஏற்றும் ரீலோட் கட்டளை போதும். இணைப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் போர்ட்டல் தனி நிரலாக ஓடுவதால் யாரும் வெளியே விழுவதில்லை.

அட்மின் பக்கம் இன்னும் ஆழமாகப் போகவில்லை. பேன் இனி வருவதைத்தான் தடுக்கும், இப்போது உள்ளே இருப்பவரை பூட் போட்டுத்தான் வெளியேற்ற வேண்டும் என்பதைச் சாதாரணக் கணக்கை வைத்துப் பார்த்தேன். கூடக் கட்ட வந்த நண்பருக்கு பெர்ம் கட்டளையால் பில்டர் தகுதி கொடுத்தேன், அதற்கு மேல் இல்லை. டெவலப்பர் என்றால் பை கட்டளையால் சர்வரிலேயே பைத்தான் ஓட்டலாம், அது வேறு அளவிலான நம்பிக்கை. நான் தோண்டிய அறைகளை பில்டரான அவரால் அழிக்க முடியாது. கட்டியவருக்கும், அட்மினுக்கும், அட்மினுக்கு மேலுள்ளவர்களுக்கும்தான் அந்த உரிமை. அவர் படகுத்துறையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு மிச்சம் விளக்கை ஏற்றும் கட்டளை. அது கட்டுமானக் கட்டளைகளால் ஆகாது, பைத்தானில்தான் எழுத வேண்டும்.