50 ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் கடிகாரம்

பிளக்கில் மாட்டும் பழைய கடிகாரத்துக்கு லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ்தான் பெண்டுலம். 16 துருவ சிங்க்ரனஸ் மோட்டார் (லைன் ஃப்ரீக்வென்சியோடு பூட்டிக்கொண்டு சுற்றுவது) என்றால் நிமிடத்துக்கு 375 சுற்று, மீதியைப் பல்சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் கடிகாரம் வேலூரில் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். வோல்டேஜ் கன்வெர்ட்டர் போட்டும் பயனில்லை.

லைன் பல்ஸை எண்ணி நேரம் காட்டும் அதே வேலையை, புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டான அர்டுயினோ உனோவில் செய்து பார்த்தது இது. 230-க்கு 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரைமரியில் 100 மில்லி ஆம்பியர் ஃபியூஸ். செகண்டரியிலிருந்து 1 கே ரெசிஸ்டர் வழியாக பிசி817 ஆப்டோகப்ளர் (உள்ளே எல்இடி ஒளியால் ஒரு டிரான்சிஸ்டரை இயக்கும் சிப்). அதன் எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 டையோடு கட்டாயம்: எல்இடி எதிர்த்திசையில் தாங்குவது 6 வோல்ட், இங்கே உச்சம் 8.5. கலெக்டரில் 10 கே புல்-அப் (பிளஸ் சப்ளைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்), அடுத்து ஸ்பைக்கை வடிகட்ட 10 கே, 0.1 மைக்ரோஃபாரட், பிறகு பல்ஸின் விளிம்பைக் கூர்மையாக்கும் 74எச்சி14 சிப், அங்கிருந்து உனோவின் 2-ஆம் பின். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டால் விநாடிக்கு 100 பல்ஸ், கடிகாரம் இரட்டை வேகத்தில் பறக்கும்.

கோடில் எண்ணிக்கையை 'இன்ட்'டில் (32,767 வரைதான் கொள்ளும் எண் வகை) வைத்தால் 10 நிமிடம் 55 விநாடியில் மைனஸுக்குப் போய்விடும். மைனஸ் இல்லாத பெரிய எண் வகையான அன்சைன்ட் லாங் வேண்டும், ஒரு நாளுக்கே 43,20,000 பல்ஸ்.

நேரம் முன்னே மட்டுமே ஓடினால் முதலில் ஃபேன் ரெகுலேட்டரையும் மிக்ஸியையும் சந்தேகிக்கவும். அவற்றின் ஸ்பைக்கும் பல்ஸாக எண்ணப்படுகிறது. கெபாசிட்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட, ஒரு பல்ஸுக்குப் பின் 15 மில்லி விநாடி வரை வருவதைக் கோடிலேயே தள்ளிவிடுவது மேல்.

ஒப்பிட டிஎஸ்3231, வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடிகார சிப். சாதாரண 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 40 டிகிரியில் நாளுக்கு 0.66 விநாடி பின்தங்கிவிடும், வேலூர் கத்திரி வெயிலில் அதை நம்ப முடியாது. லைன் நாள் முழுதும் 49.95-ல் நின்றால் இழப்பு 86.4 விநாடி. அனுமதித்த எல்லையே 49.90 முதல் 50.05 வரை. தென்னக கிரிட் 2013 டிசம்பர் 31-ல் தேசிய கிரிட்டோடு இணைந்ததால் வேலூர் சத்துவாச்சாரி பிளக்கிலும் டெல்லி பிளக்கிலும் அதே ஃப்ரீக்வென்சிதான். ஊர் மாற்றி அளப்பது வீண். ஐரோப்பாவில் 2018-ல் கொசோவோ, செர்பியா தகராறில் ஃப்ரீக்வென்சி இறங்கி, இப்படிப்பட்ட கடிகாரங்கள் 6 நிமிடம் பின்தங்கின.

இன்வெர்ட்டர் லைனில் மாட்டக்கூடாது. கரண்ட் போனதும் எண்ணப்படுவது இன்வெர்ட்டரின் சொந்த ஆசிலேட்டர், எண்ணிப் பதிந்த கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். ஃபிரிட்ஜ் பிளக் பாயின்ட் பெரும்பாலும் இன்வெர்ட்டரில் இருக்காது, அதுவே தோது. 100 மில்லி விநாடி பல்ஸ் வராவிட்டால் கரண்ட் கட் என்று கொண்டு டிஎஸ்3231-இன் 1 ஹெர்ட்ஸுக்கு மாற வேண்டும். சிப்பின் அந்த 1 ஹெர்ட்ஸ் பின் ஓபன் டிரெயின் (கீழே மட்டும் இழுக்கும்), புல்-அப் இல்லாமல் ஒன்றும் வராது. உனோவுக்கு அப்போது தனியாக பேட்டரி சப்ளை தேவை.