பிக்கப்பை எவ்வளவு தூக்கலாம்? டயர் முதலில், ஸ்பிரிங் அப்புறம்

வேலூரில் பிக்கப் வைத்திருக்கிற ரெண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால், பேச்சு சீக்கிரமே "எவ்ளோ தூக்கியிருக்கீங்க?" என்பதில் வந்து நிற்கும். கம்பெனி கொடுத்த உயரத்துக்கு மேல் ஸ்பிரிங் பக்கம் மாற்றி வண்டியை உயர்த்துவதைத்தான் தூக்குவது, லிஃப்ட் என்கிறோம். என் பதில் 40 மில்லிமீட்டர். "அவ்ளோதானா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்த 40-க்கு வந்து சேர நிறைய யோசித்திருக்கிறேன், பலரிடம் கேட்டிருக்கிறேன், கேட்டதை எல்லாம் ஒரே இடத்தில் வைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

முதலில் வண்டியும் வேலையும். வண்டி இசுசு வி-கிராஸ், ஃபோர் வீல் டிரைவ், கம்பெனியிலிருந்து வந்த டயர் 255/60 ஆர்18. வார நாட்களில் சத்துவாச்சாரி, காட்பாடி, எப்போதாவது ஹைவேயில் சென்னை. எங்கள் நிலம் ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது, அதற்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை பக்கம் பழகினவர்கள் இருக்கிறார்கள். போகும்போது பைப்போ சிமெண்ட்டோ கொஞ்சம் ஏறும், இறங்கும்போது சாமை, புளி, சீசனில் பலாப்பழம். தார் ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பும் மண் வழிகளில் மழை அரித்த பள்ளமும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற கருங்கல்லும்தான் பிரச்சினை. பாலாற்று மணலில் இறக்கி விளையாடுவது, காப்புக்காட்டுக்குள் புதிதாக வழி போடுவது இதெல்லாம் என் கணக்கிலேயே இல்லை. காட்டுக்குள் அப்படிப் போவது குற்றம், ஆறும் ஏற்கெனவே போதுமான அளவு பட்டுவிட்டது.

வண்டியைத் தூக்குவது பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எனக்கு அதைத் தெளிவாகச் சொன்னவர் லாரிக்குப் பட்டை, அதாவது பின்பக்க அடுக்குத் தகடு ஸ்பிரிங், கட்டுகிற ஒரு பாய். "இன்னா சார், பாடியைத் தூக்கிட்டா கிரவுனும் சேர்ந்து தூக்கிக்குமா? அது டயரோடதானே கீது" என்றார். பின்னால் இருப்பது ஒரே தண்டாக வருகிற ஆக்சில். அதன் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற பல்சக்கரப் பெட்டி, பாய் கிரவுன் என்று சொன்ன டிஃப்ரன்ஷியல்தான் பெரும்பாலான பிக்கப்பில் தரைக்கு மிக அருகில் இருக்கும் பொருள். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே, அதுவும் டயர் எவ்வளவு பெரிதாகிறதோ அதில் பாதி அளவுக்குத்தான்.

அப்போ லிஃப்ட் எதற்கு? வயிற்றுக்காக. வி-கிராஸின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 3095 மிமீ. முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிய பிறகும் பின் சக்கரம் இந்தப் பக்கமே இருக்கும், நடுவில் சேஸிஸும் ஃபுட் ஸ்டெப்பும் மேட்டில் உட்காரும். முன் பம்பரும் அதேபோல், ஓடை மாதிரி அரித்த இடத்தில் இறங்கும்போது எதிர்க்கரையில் முட்டும். இந்த ரெண்டுக்கும் 40 மிமீ கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தைக் கொடுக்கிறது. டிஃப்ரன்ஷியலைக் காப்பாற்றுவது ஸ்டியரிங் பிடிக்கிறவரின் வேலை: கல்லை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடாமல், டயரைக் கல்லின் மேல் ஏற்றிப் போக வேண்டும். இது கைக்கு வந்துவிட்டால் நாலு அங்குல லிஃப்ட் ஆசை பாதி அடங்கிவிடும்.

சரி, 40-க்கு மேல் ஏன் போகவில்லை? முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் ஒரு கன்ட்ரோல் ஆர்ம் பிடித்திருக்கும், காயில் ஸ்பிரிங். வண்டி உயர உயர, இன்ஜின் பக்கமிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட் சாய்ந்துகொண்டே போகும். அந்தச் சாய்வில் சுற்றினால் ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட் சீக்கிரம் தேயும், அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வரும், அந்த வழியாக மலை மண் உள்ளே போகும். பொதுவாக 50 மிமீ வரை பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடும். அதைத் தாண்டினால் முன்பக்க டிஃப்ரன்ஷியலை இறக்கிக் கட்ட வேண்டும், மேல் கன்ட்ரோல் ஆர்மை மாற்ற வேண்டும், ஒன்றைத் தொட்டு இன்னொன்று என்று செலவு நீண்டுகொண்டே போகும். உயரம் கூடினால் வண்டியின் எடை மையமும் மேலே போகும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டையோடு இறங்கிப் பாருங்கள், அது என்னவென்று இடுப்புக்குத் தெரியும்.

முன்பக்கத்தை உயர்த்த மலிவான வழி ஸ்பேசர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால் 20 மிமீ தகடு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 40 மிமீ கிடைக்கும். இது தெரியாமல் "40 வேணும்" என்று 40 மிமீ தகட்டையே வைத்துவிட்டால் முன்பக்கம் எங்கேயோ போய் நிற்கும். நான் ஸ்பேசரை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் அதே பழசுதான், உயரம் மட்டும் மாறுகிறது, சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது மேல் ஆர்மும் ஜாயின்ட்டுகளும் அவற்றின் எல்லைக்கே போய்விடுகின்றன. வேகத்தடையைத் தாண்டும்போது முன்பக்கம் "டொக்" என்று தட்டுகிறது என்று சொல்கிற வண்டிகளில் சிலவற்றுக்கு இது காரணமாக இருக்கலாம். ஸ்பிரிங்கும் அதற்குச் சரியான நீளமுள்ள ஷாக்கும் ஜோடியாக வருகிற கிட் வாங்குவதுதான் என் கணக்கில் சரி. ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன் மாதிரி பெயர்கள் இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வதுதான். பெயரைவிட, அது உங்கள் வண்டி மாடலுக்கும் நீங்கள் ஏற்றுகிற எடைக்கும் சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

எடைதான் இதில் பெரிய விஷயம், பின்பட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது அதுதான் முடிவு செய்யும். எப்போதும் முந்நூறு கிலோ ஏற்றுகிறவருக்கு ஏற்ற பட்டையைக் காலியாக ஓட்டுகிறவர் போட்டால், வண்டி ரோட்டில் குதித்துக்கொண்டே போகும், பின் சக்கரம் ஒழுங்காகத் தரையைப் பிடிக்காது, மழைத் தாரில் அது ஆபத்து. ஆகவே உங்கள் வண்டி வருடத்தில் அதிக நாள் எப்படி ஓடுகிறதோ அதற்கு வாங்குங்கள், ஒரு சீசனுக்காக வாங்காதீர்கள். என் வண்டி பெரும்பாலும் காலி அல்லது நாலு மூட்டை, அதனால் லேசான சுமைக்கான பட்டை. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ள அது இடம் கொடுக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிளை நீளமாகப் போடுவது இன்னொரு வழி, நீட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்.

முன்பக்கத்தை மட்டும் தூக்கி வண்டியை மட்டமாக்குவதும் இங்கே நிறைய நடக்கிறது. காலியாக நிற்கும்போது பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருப்பது வேண்டுமென்றே செய்தது, சுமை ஏறினால் மட்டத்துக்கு வரட்டும் என்றுதான். காலியிலேயே மட்டமாக்கிவிட்டால், மூட்டை ஏற்றியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட் எதிரே பைக்கில் வருகிறவரின் கண்ணில் அடிக்கும். எவ்வளவு சின்ன லிஃப்ட் போட்டாலும் ஹெட்லைட்டை மறுபடி செட் செய்யாமல் ராத்திரி வெளியே எடுக்காதீர்கள், தயவு செய்து.

இப்போது டயர். செலவுக்கு ஒன்றுதான் முடியும் என்றால் லிஃப்டை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். தரையைத் தொடுவது அது ஒன்றுதான்.

நான் எடுத்தது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன், அளவு 265/60 ஆர்18. கணக்கு சுலபம்: அகலம் 265, அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 159 மிமீ, அதை ரெட்டிப்பாக்கி 18 அங்குலத்தை, அதாவது 457 மிமீயைக் கூட்டினால் 775. பழைய டயர் 763. வித்தியாசம் 12 மிமீ, தரையிலிருந்து 6 மிமீ உயரம், ஸ்பீடோமீட்டரில் ஒன்றரை சதவீதம். யாருக்கும் தெரியாத அளவு. இதையே 265/65 ஆர்18 என்று எடுத்தால் 802 மிமீ ஆகிவிடும், ஐந்து சதவீதம் பெரிது. முள் 100 காட்டும்போது, பழைய டயரில் ஓடியதைவிட ஐந்து கிலோமீட்டர் அதிகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள், கியரும் அதே அளவு கனமாகும், சுமையோடு வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச் வாடை வரும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்பக்கம் உரசவும் வாய்ப்பு உண்டு.

சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் நம் ஓட்டத்தில் பெரும்பகுதி தார், அந்தத் தாரில் மட் டெரெய்ன் இரையும், சீக்கிரம் தேயும், மழையில் பிரேக் தூரம் கூடும். நம் மலைகளில் சேற்றைவிடக் கல்தான் அதிகம். கருங்கல் சில்லு டயரின் ஓரத்தைக் கிழித்தால் பஞ்சர் குச்சி சொருகி ஒட்ட முடியாது, டயரே போச்சு. அதனால் தரையில் படுகிற பூக்களைவிடப் பக்கச் சுவரைத்தான் கடையில் அதிகம் விசாரிக்க வேண்டும். பிஎஃப் குட்ரிச் கேஓ2-வில் பக்கச் சுவர் மூன்று அடுக்கு. எல்டி (லைட் டிரக்) என்று எழுதிய இந்த மாதிரி டயர்கள் உறுதியானவை, ஆனால் கனம், காலி வண்டியில் கொஞ்சம் கடினமாக உட்காரும். வாரத்தில் ரெண்டு மூன்று நாள் கல்லில் ஓடுகிறவர் அதை எடுக்கலாம். என்னைப் போல எப்போதாவது ஏறுகிறவருக்குச் சாதாரண ஆல் டெரெய்ன் போதும்.

டயர் தாங்கும் எடையைச் சொல்கிற எண்ணான லோடு இண்டெக்ஸ் பழைய டயரைவிடக் குறையக்கூடாது. 108 என்றால் ஒரு டயர் ஆயிரம் கிலோ தாங்கும், 112 என்றால் 1120. ஓரத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கிற நாலு இலக்கத்தையும் பாருங்கள், 3423 என்றால் 2023-இல் 34-ஆவது வாரத்தில் செய்தது. வேலூர் வெயிலில் குடோனில் கிடந்த டயருக்கு வயது கூடிக்கொண்டேதான் இருக்கும், அரக்கோணத்திலேயே எம்ஆர்எஃப் தொழிற்சாலை இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், பழைய சரக்கை வாங்க ஒரு அவசியமும் இல்லை. அப்புறம், நாலு வாங்காதீர்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து வாங்குங்கள். ஃபோர் வீலில் ஒரு சக்கரம் மட்டும் வேறு அளவில் சுற்றினால் உள்ளே பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். காற்று காலையில், வண்டி எடுக்குமுன் பார்க்க வேண்டும். மே மாதத்தில் மதியம் பங்கில் போய்ப் பார்த்து "அதிகமா இருக்குது" என்று இறக்கிவிட்டால், குளிர்ந்த பிறகு குறைவாக நிற்கும்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆகவே கிட் வாங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் கேட்க ஆள் இருக்காது. சின்ன லிஃப்டோடு நான் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள். முன்பக்கம் உயர்ந்தால் கேஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு, மாறும், ஹைவேயில் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும், டயர் ஒரு பக்கமாகத் தின்னும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கிறதா என்று ஜாக்கியில் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டை ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொஞ்சம் படியும், அப்போது பட்டையை ஆக்சிலோடு பிடிக்கிற யு போல்ட்டைச் சொன்ன டார்க் (முறுக்கு) அளவுக்கு மறுபடி முறுக்கி, அலைன்மென்ட்டையும் ஹெட்லைட்டையும் இன்னொரு முறை பார்த்துவிட்டால் அப்புறம் மலைக்குச் சுமை ஏற்றலாம்.