நின்றுபோன வெற்றிலை உரல்

மதியம் வளவில் உட்கார்ந்து அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' படம்.

ஆற்றங்கரைக் காட்சி வந்ததும் கை அப்படியே நின்றது. கொடுமைக்காரனாக நடித்த விஜயன் தண்ணீரில் இறங்க இறங்க, கரையில் ஊரே பேசாமல் நிற்கிறது.

"பாவம்டா" என்றார்கள். அந்த ஆளையா, அவன் பிள்ளைகளையா? நான் கேட்கவில்லை.

1958-இல் நம்ம காரைக்குடி அழகப்பா கல்லூரி மேடையில், எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே சினிமா நிஜமாக இல்லை என்று பேசிய மாணவர் மகேந்திரன். அப்புறம் 'தங்கப்பதக்கம்' வசனத்தால் பெரிய பேர் வாங்கினார். 1978-இல் 'முள்ளும் மலரும்' இயக்க வந்தபோது குறைத்ததும் அந்த வசனத்தைத்தான். கைதட்டல் வாங்கித் தந்ததையே விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

படம் முடிந்து விளம்பரம் ஓடியது.

உரல் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்கவில்லை.