வயலுக்கும் வயலுக்கும் நடுவே

தை பிறந்துவிட்டால் ஆத்தூர், தலைவாசல் பக்கத்து நெல் அறுவடை வண்டிகள் லாரியில் ஏறிக் காவிரி டெல்டாவுக்குப் புறப்பட்டுவிடும். ஒன்பது ஆண்டுகளாக நானும் அப்படித்தான் போய்வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் உதவியாளாக, அதன் பிறகு டிரைவராக. அறுப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. பயிர் சாயாமல் நின்றால் அது ஒரே சீரான வேலை. தொழில் தெரிந்தவனா என்பது ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போகும் வழியில்தான் தெரியும். வாடகையோ மணிக்கணக்கு, கதிரில் இறங்கியதிலிருந்து கரையேறும் வரைதான் கணக்கு. வழிக்குக் கூலி கிடையாது.

தைப் பனி காயும் முன் கதிரில் வண்டியை விட்டால் ஈர வைக்கோல் கதிரடிக்கும் டிரம்மில் சுற்றிக்கொள்ளும், நெல்லும் ஒழுங்காகப் பிரியாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் பார்ப்பார்கள் என்பதால் விவசாயியும் அவசரப்படுத்துவதில்லை. ஆகவே காலை ஒன்பது, பத்து மணி வரை கிடைக்கும் நேரத்தில்தான் இடம் மாற்றுவோம். எங்களுடையது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டி. சேற்றில் தாராளமாகப் போகும். ஆனால் தார்ச்சாலையில் ஓட்டினால் ரப்பர் பெல்ட் தேய்ந்து அழியும் என்பதால், அடுத்த ஊருக்கு லாரியில்தான் போக வேண்டும். ஏறத்தாழ மூன்று டன் இரும்பை இரண்டு பலகைகளின் மேல் ஏற்றும் அந்த ஒரு நிமிடத்தில் நான் யாரோடும் பேசுவதில்லை. அறுத்த நெல் சேரும் பெட்டி காலியாக இருக்க வேண்டும்; பெல்ட் இரண்டும் பலகைக்கு நேராக நிற்கிறதா என்று தரையிலேயே பார்த்துவிட வேண்டும்; பாதியில் திருப்பக் கூடாது. ஏறிய பிறகு பயம் மேலே போய்விடும். கிராமத்துச் சாலையில் தாழத் தொங்கும் மின்கம்பியைக் கழியால் தூக்கிவிட்டு லாரியை நகர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதற்கு ஒருபோதும் சம்மதிப்பதில்லை. சுற்றுவழி பத்துக் கிலோமீட்டரானாலும் சுற்றித்தான் போவேன். டீசல் செலவுக்கு முதலாளியிடம் திட்டு வாங்குவது வேறு விஷயம்.

லாரியை விட்டு இறங்கினாலும் வயல் வந்துவிடுவதில்லை. டெல்டாவில் உள்வயலுக்குத் தனிப்பாதை இருப்பது அரிது. முன்வயல் அறுத்தால்தான் அதன் தாள் மேல் ஏறிப் பின்வயலுக்குப் போக முடியும். யாருடைய பயிர் எப்போது அறுபடும் என்பதை விளைச்சலை விட இந்த வழிதான் பல நேரங்களில் முடிவு செய்கிறது.

சென்ற ஆண்டு மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு பெரியவரின் வயல் அப்படித்தான் உள்ளே இருந்தது. முன்வயலில் பி.பி.டி. என்ற சன்ன ரக நெல்லை அறுத்து முடித்திருந்தோம். பெரியவருடையது சி.ஆர். 1009 என்ற வேறு ரகம்; அதில் ஒரு பகுதியை விதைக்கு வைத்துக்கொள்பவர். இடையே ஒரு வாய்க்கால். அதில் தென்னந்துண்டுகளைப் போட்டு, வைக்கோலும் மண்ணும் இட்டு நிரவிக்கொண்டிருந்தபோது அவர் வண்டியருகே வந்து, “பெட்டியைக் காட்டு தம்பி” என்றார்.

“காலிதான் ஐயா, கொட்டியாச்சு” என்றேன்.

அவர் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, கைப்பேசி வெளிச்சத்தில் பெட்டியின் மூலையைப் பார்த்தார். மெல்லிய பி.பி.டி. மணிகள் விளிம்பில் ஒரு கை அளவுக்கு ஒதுங்கிக் கிடந்தன. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிவதே அவ்வளவு என்றால், நெல்லை மேலே தள்ளும் திருகிலும் அடித்தொட்டியிலும் இன்னும் இருக்கும். அது அவருடைய விதையில் கலந்தால் அடுத்த சம்பாவில் குட்டையும் நெட்டையுமாக முளைத்து நின்று, நான் வந்துபோன கதையைச் சொல்லும். வண்டியை வெறுமனே ஓடவிட்டு, பிறகு எஞ்சினை நிறுத்தி அடிமூடிகளைத் திறந்து, துடைப்பத்தாலும் கையாலும் கூட்டி எடுத்தோம். அரை மணி நேரம் போனது; ஒரு படிக்குக் குறையாமல் நெல் வந்தது. வாய்க்காலைத் தாண்டும்போது ஒரு துண்டு உருண்டு வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. பின்னால் எடுத்து, மறுபடி மண் வெட்டிப் போட்டுக் கடந்தோம்.

சாயங்காலம் கணக்குப் பார்க்கையில் பெரியவர் கதிரில் இறங்கிய நேரத்திலிருந்து எண்ணினார். பெட்டியைக் கூட்டியது உங்களுக்காகத்தானே, அந்த அரை மணியைச் சேருங்கள் என்றேன். காலியான பெட்டியோடு வர வேண்டியது உன் வேலை என்றார். அவர் சொன்னது நியாயம் என்று எனக்கே தோன்றியதால் குரலை உயர்த்த முடியவில்லை. கடைசியில் கால் மணி நேரத்துக்குக் கொடுத்தார். கூட்டிய பி.பி.டி. நெல்லைச் சாக்கில் இட்டுத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் அவர் வாசலுக்கு எதிரே பலகை போட்டு வண்டியை ஏற்றினோம். அவருடைய கோழிகள் அந்த நெல்லைக் கொத்திக்கொண்டிருந்தன.